அணைந்த மூட்டம்

ஷர்மிளா பானு பரளச்சி கிராமத்து வீட்டிலிருந்தே லேப்டாப்பில் ஆராய்ச்சி வேலை பார்த்தாள். எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவிலிருந்த கருந்துளை இரை எடுப்பதை நிறுத்தி யுகங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அதன் இரண்டு பக்கமும் ரேடியோ அலைகள் புதிதாகப் பீறிட்டன. அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

வீட்டுக்குப் பின்னால் அவளுடைய அத்தா சின்ன மீரான் விறகை அடுக்கி மண் பூசிக் கடைசியாகப் போட்ட கரிமூட்டம் இருந்தது. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு தம்பி சாதிக் அதைப் பிரித்து, கரியை லோடு ஏற்றிவிட்டான். இப்போது அது வெறும் தரை. காலையிலிருந்து அதன் இரண்டு முனையிலும் புகை வந்துகொண்டிருந்தது.

"கங்கு எதுவும் கெடக்காடா?"

"முட்டளவு தோண்டிட்டேன்க்கா. மண்ணு சில்லுனு இருக்கு."

காற்று கிழக்கே அடித்தது. ஒரு புகை கிழக்கே போனது. இன்னொன்று மேற்கே போனது.

பேராசிரியர் போனில் அலுத்துக்கொண்டார். "நடுவுல அணைஞ்சா ரெண்டு பக்கமும் மங்கணும்மா. கணக்கத் திரும்பப் போடுங்க."

போட்டாள். இரண்டு பக்கமும் மங்கவில்லை என்று அதே விடைதான் வந்தது.

சாயங்காலம் அம்மா ரசூல் பீவி, அத்தா இருந்தபோது கொண்டுபோனதைப் போலவே, ஒரு டம்ளர் டீயோடு மூட்டத்துக்குப் போனாள். பிள்ளைகள் இருவரும் தடுக்கவில்லை. வெறும் டம்ளரோடு திரும்பினாள்.

"சீனி பத்தலையாம்" என்றாள்.

டம்ளரெல்லாம் கரி விரல் தடம். ஷர்மிளா அதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் டீயில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள்.