டிரம்ஸ்காரியின் பாட்டு

மதிய வெயில் ஒத்திகை அறையின் ஜன்னல் வழியே டிரம்ஸின் சிம்பல் தட்டில் விழுந்து, கூரையில் வட்டமாக ஆடுகிறது. கார் ஷெட்டில் தொடங்கி, போன மாதம் ஒரு மைதானத்தையே பாட வைத்த இசைக்குழு இது. பாடகன், டிரம்ஸ் வாசிக்கும் தன் அக்காவிடம் ஒருவழியாகச் சொல்லிவிடுகிறான். "நான் இனிமே தனியாப் பாடப் போறேன்க்கா. பேண்ட் இதோட போதும்." அவள் வாசிப்பை நிறுத்துகிறாள். "தெரியும்டா. ஆறு மாசமா மேடையில நீ என் பக்கம் திரும்பவே இல்லையே." "கோபமா?" "கோபம் இல்லாம இருக்குமா? ஆனா பயம் இல்ல. நானும் ஒரு பாட்டு எழுதி வச்சிருக்கேன்." எழுந்து வந்து, அவன் உயரத்துக்கு நிற்கும் மைக்கைத் தன் வாயளவுக்கு இறக்கிப் பாடுகிறாள். குரல் கொஞ்சம் கரகரக்கிறது, எங்கும் தயங்கவில்லை. இரண்டாவது அடியில், மூலையில் உட்கார்ந்திருந்த கிட்டார்காரரும் சேர்ந்துகொள்கிறார். கிளம்புவதற்காகக் கதவைத் திறந்த தம்பி, பாட்டு முடியும்வரை வெளியே போகவில்லை.