தேன்பாறைக்கு ஒரு புள்ளி

"மச்சினன் வராம யாரையும் கயித்துல இறக்க மாட்டோம் சார்" என்று பளியர் குடிப் பெண் அழகுமீனா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த மலைக்குடியில் அதுதான் வழக்கம். தேனெடுக்க ஒருத்தன் பாறையில் இறங்கினால், மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்கணும். கூடப்பிறந்தவள் தாலியைத் தன் கையாலே அறுக்க எவனுக்கு மனசு வரும்?

சர்வே அதிகாரி செந்தூர்பாண்டிக்கு இதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அந்த மலையைப் பளியர்களுக்கு எழுதிக் கொடுக்க மனுசனுக்கு இஷ்டமே இல்லை. அழகுமீனாவோ ஒரு வாரம் காடெல்லாம் நடந்து, கிழங்கு தோண்டுற இடம், ஓடை, சாமி மரம் என்று அம்புட்டுக்கும் போன் மேப்பில் புள்ளி வைத்துவிட்டாள்.

குறை சொல்ல வழியில்லாமல்தான், தேன்பாறைக்கு மட்டும் தானே இறங்கிப் போய் தன் ஜி.பி.எஸ். மெஷினில் பதிந்தால்தான் செல்லும் என்று முரண்டு பிடித்திருந்தார். மறுநாள் காலையில் மலை உரிமையை முடிவு செய்யும் கமிட்டி. அதற்குள் புள்ளி விழவில்லை என்றால் முப்பது குடும்பத்துக்கும் தேன்பாறை கிடையாது.

அவருடைய மச்சினன் அய்யாதுரை ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனி சூப்பர்வைசர். தீபாவளி சீசனில் அவன் எங்கன வரப்போறான், வேணும்னா கேட்டுப் பாரு என்று நம்பரையும் தாராளமாகக் கொடுத்தார் செந்தூர்பாண்டி. மூணு மாசமா ஹோட்டல் புரோட்டா வயித்தைப் பாடாப் படுத்துது, சீக்கிரம் கீழே போகணும் என்று வேறு அலுத்துக்கொண்டார்.

அழகுமீனா போன் போட்டதும், ஏற வேண்டிய லோடை அப்படியே போட்டுவிட்டு, ரெண்டரை மணி நேரத்தில் மலையேறி வந்து நின்றான் அய்யாதுரை. அத்தானுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன் என்றபடி கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கையில் வாகாகப் பிடித்துக்கொண்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட செந்தூர்பாண்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினார்.

பாறை நடுவில் தேனடைக்குப் பக்கத்தில் தொங்கியபோதும் அந்த மனுசனுக்குப் புத்தி வரவில்லை. மெஷினைத் தொடாமலே, சிக்னல் கிடைக்கலை, மேல தூக்கு என்று சத்தம் போட்டார். அழகுமீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் போனில் மேப் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதை எட்டிப் பார்த்த அய்யாதுரை, பதிந்தால்தான் தூக்குவேன் என்று சொல்லிவிட்டான்.

செந்தூர்பாண்டி தொங்கிக்கொண்டே சிரித்தார். "ஏலே, ஒங்க அக்கா தாலி இந்தக் கயித்துலதாம்லே தொங்குது. தூக்காம என்ன செய்வே?"

அதுவும் நியாயம்தான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றான் அய்யாதுரை. ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி, கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொல்லி, அவள் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினான். பிறகு குனிந்து பாறைக்குக் கீழே பார்த்தான்.

"அத்தான், அக்கா கயித்த விட்டுரச் சொல்றா. இப்ப சிக்னல் கிடைக்குதா?"