கிணற்று நாற்றம்

மலாய் மண்ணுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, கிடைத்த ஆண்டு. காஜா பேராங் ஊரில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றுத் தண்ணீர் அழுகல் நாற்றம் அடித்தது.

"ஒன் ஆட்டுக் கொட்டகையாலதான். ஒடனே பிரிச்சிடு," என்று பக்கத்து வீட்டுத் தியாகுவிடம் சீறினார் கலியாணசுந்தரம்.

"பிள்ளைங்களுக்கு அந்தப் பால்தாங்க."

"அப்போ முனிசிபலுக்கு எழுதிப் போடுவேன்."

தியாகு ஆடுகளை விற்றார். நாற்றம் போகவில்லை. கலியாணசுந்தரம் கொதித்துப்போய், ஆள் வைத்துக் கிணற்றை இறைத்தார். அடியிலிருந்து கூடை கூடையாக அழுகிய பூ வந்தது.

"கால்ல படக்கூடாதுன்னு தெனமும் நீங்க போட்ட சாமிப் பூதாங்க," என்றாள் மனைவி சாரதாம்பாள்.

கலியாணசுந்தரம் தியாகுவின் வாசலுக்குப் போனார். "ஆட்டை யார்கிட்ட வித்தே தியாகு? நான் திருப்பி வாங்கித் தர்றேன்."



"கறிக்கடைக்கு. நேத்தே அறுத்துட்டாங்க."