மூதூர் வாசகர்

திருக்கை மீனின் முள் குத்திய காயங்களைப் பற்றி டொக்டர் கௌசிகா எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. மேற்கோள் இல்லாதவற்றை இந்த மாதத்தோடு இணையதளத்திலிருந்து நீக்குகிறார்களாம்.

"ஆனா மூதூரில ஒராள் பாக்கிறார், டொக்டர்" என்றான் உதவியாளன் நஸ்ரி, தளத்தின் வருகைப் பதிவைக் காட்டி. "ஒரு நாளைக்கு அஞ்சு தரம், ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு."

"பக்தியான ஆய்வாளர்போல. மேற்கோள் ஒண்டு கேப்பம்."

கட்டுரையின் கீழே நஸ்ரி தமிழில் எழுதினான்: 'இது நீக்கப்படப் போகிறது. வாசிப்பவர் டொக்டரைச் சந்திக்கவும்.'

மறுநாள் மூதூரிலிருந்து வரும் முதல் லோஞ்சுப் படகிலேயே ஸல்ஹா என்ற பெண் வந்தாள்.

"நீங்களா வாசிச்சது?"

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலாது, டொக்டர். மூணாம் பக்கத்துல இருக்கிறது மவுத்தாகி அடக்கம் பண்ணின என்ட புருஷன்ட கை. போட்டோ எடுக்க விடாத மனிசன். எங்களுக்கிட்ட வேற படம் இல்ல."