அறுபது காட்டிய மீற்றர்

மீற்றர் அறுபது காட்டியது.

மெக்கானிக் ஸப்வானுக்கு அது பிடிக்கவில்லை. அறுபது என்றால் வயரில் பிழை இல்லை. வயரில் பிழை இல்லையென்றால் பிழை சாரதியில்.

சாரதி கலீலுர் றஹ்மான் பக்கத்தில்தான் நின்றார். மூன்று கிழமையாக அவர் ஓடுகிற ட்ரெயிலர் லொறி நினைத்த இடத்தில் படுத்துவிடுகிறது. டாஷ்போர்டில் முள்ளெல்லாம் விழுந்து, எஞ்சின் இழுவையில்லாமல் முனகும். கடைசியாக நின்றது கிண்ணியாப் பாலத்தின் நடுவில்.

முதலாளி கனகசுந்தரம் நம்பவில்லை. சோம்பல் பிடித்து, ஓடப் பஞ்சிப்பட்டு மனிதன் தானே நிறுத்துகிறார் என்பது அவருடைய எண்ணம். இன்றைக்குப் பிழை பிடிபடாவிட்டால் நாளைக்கு லொறித் திறப்பை வேறு சாரதியிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். சீனக்குடாவிலேயே மெக்கானிக்மார் இருக்க, கிண்ணியாவிலிருந்து ஸப்வானைத்தான் கூப்பிட வேண்டுமென்று சாரதி ஒற்றைக்காலில் நின்றதிலும் அவருக்குச் சந்தேகம்.

எஞ்சினின் கொம்பியூட்டர் மற்றப் பெட்டிகளோடு கதைப்பது ஒரு சோடி மெல்லிய வயரில். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. பற்றரியைக் கழற்றிவிட்டு அளந்தால் அறுபது ஓம் வர வேண்டும். நூற்றிருபது வந்தால் எங்கேயோ அறுந்து கதை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மறுபடி அளந்தான். அறுபது.

ஒரு மனிதனின் சோற்றில் மண் போடப் போகிறோமே என்று மனம் கனத்தது. மீற்றரின் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

“தம்பி, எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒருக்கா கை வெச்சுப் பாருங்க,” என்றார் கலீலுர் றஹ்மான்.

மீற்றரை அவர் பிடித்துக்கொண்டார். ஸப்வான் கையை உள்ளே விட்டு வயர்க்கட்டை மெல்ல அசைத்தான்.

அறுபது. நூற்றிருபது. அறுபது. நூற்றிருபது.

தடவிப் பிடித்தான். புதுக் கறுப்பு டேப். சுற்றத் தெரியாத கை சுற்றியிருந்தது. உரித்தான்.

அதற்குள் சிவப்புத் தையல் நூல்.

எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகிவிடும் என்று அதற்கு மேல் நூல் சுற்றிக் கட்டுகிற ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான், ஸப்வான். மனைவி சுஹைராவின் தையல் மெசினில் எந்த நிறம் கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்துவருவான். சிவப்பு, மகள் பஸ்மியாவுக்குப் பெருநாள் சட்டை தைத்த வருடம்.

பெருநாளுக்கு முதல்நாள். கரண்ட் இல்லை. ஈயம் உருக்கி வைக்க முடியாமல் வயரை வெறுங்கையால் முறுக்கிக் கட்டிவிட்டு, பெருநாள் முடிய வந்து ஒழுங்காகச் செய்து தருகிறேன் என்று இதே கலீலுர் றஹ்மானிடம் சொல்லிவிட்டுப் போனவன், பிறகு வரவேயில்லை. மறந்தே போனான்.

வெட்கத்தில் காது சுட்டது. நூலை அறுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

கனகசுந்தரம் வந்துவிட்டார்.

“என்ன தம்பி, பிழை வயரிலையோ, ஆளிலையோ?”

“வயரிலதான் முதலாளி. எலி கடிச்சிரிக்கி,” என்றார் கலீலுர் றஹ்மான், ஸப்வான் வாய் திறக்குமுன்.

முதலாளி தலையாட்டினார். எலியை யார் போய் ஏசுவது. திறப்பைக் கலீலுர் றஹ்மானிடமே நீட்டினார்.

அவர் வாங்கக் குனிந்தபோதுதான் ஸப்வான் கண்டான். சட்டைப் பைக்குள் கறுப்பு டேப் சுருளொன்று புடைத்துக்கொண்டு நின்றது. அந்த நூலை மூடி டேப் சுற்றியது இந்தக் கைதான். மூன்று கிழமையாக, பிழை யாருடையது என்று தெரிந்துகொண்டே இந்த மனிதன் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

ஸப்வான் பொத்திய கையை விரித்தான்.

“எலி இல்ல முதலாளி. இது எங்கட வீட்டு நூல்.”