கழுத்தில் மூன்று மரு

"மரு இருக்கிற காளையை எவன் வாங்குவான், மாயாண்டி? இன்னும் பதினஞ்சு நாள்ல பார்க்க ஆள் வருது. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு."

சவூதியில் அல் கோபாருக்கு வெளியே இருந்த மாட்டுப் பண்ணையின் சூப்பர்வைசர் சதக்கத்துல்லா அலுத்துக்கொண்டார். இனவிருத்திக்கென்று வளர்த்த காளை அது. அதன் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் மூன்று மரு.

மாயாண்டிக்கு அந்தக் காளை விலைபோயே தீர வேண்டும். முரட்டு மிருகம், அவனைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது. அதனாலேயே மூன்று வருடமாக அவனுக்கு லீவு மாஃபி, கிடையவே கிடையாது. காளையை விற்றதும் ஊருக்கு அனுப்புவதாகப் பண்ணை முதலாளியான கஃபீல் வாக்குக் கொடுத்திருந்தார். ஆவணியில் தங்கை ஜோதிமணிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் தாரை வார்த்துக் கொடுக்க அவன் ஒருவன்தான்.

பக்கத்துக் குதிரை லாயத்தில் கெஞ்சிக் கூத்தாடி வால் முடி நாலைந்து வாங்கி வந்தான். ஊரில் செய்வதுபோல ஒவ்வொரு மருவின் அடியிலும் இறுக்கிக் கட்டினான். தினமும் இன்னும் கொஞ்சம் இறுக்கி, மஞ்சள் குழைத்துத் தடவினான். பதினோராம் நாள் மூன்றாவதும் உதிர்ந்தது. அவசரக்குடுக்கை, அன்றே போன் கார்டு வாங்கித் தங்கையிடம் வருகிறேன் என்று சொல்லியும்விட்டான்.

வாங்க வந்த அரபி காளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழுத்தைத் தடவிய கை தழும்பில் வந்து நின்றது.

"இங்க மரு இருந்துச்சான்னு கேக்கறார். யாரு எடுத்ததாம்?" என்றார் சதக்கத்துல்லா.

இனி மறைக்க வழியில்லை. "நான்தான் பாய். குதிரை முடி கட்டி எடுத்தேன்னு சொல்லுங்க."

கேட்டதும் வந்தவரின் முகம் மலர்ந்தது. தன் பண்ணையில் நாற்பது மாடுகளுக்கு மரு இருப்பதாகவும், டாக்டர் மருந்துக்கும் அடங்கவில்லை என்றும் சொன்னார். பிறகு கூட நின்ற கஃபீலின் காதில் ஏதோ பேசினார். இருவரும் சிரித்துக் கை குலுக்கினார்கள். கலாஸ், வியாபாரம் முடிந்தது.

கஃபீல் ஆபீசுக்குள் போய் மாயாண்டியின் பாஸ்போர்ட்டோடு வந்தார். அந்த நீல அட்டையைப் பார்த்து மூன்று வருடமாகிறது. மாயாண்டி கண் கலங்க இரண்டு கைகளையும் நீட்டினான்.

நீட்டிய கைகளைத் தாண்டிப் போன கஃபீல், காளையின் கயிற்றையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வந்தவரிடம் கொடுத்தார்.