சக்கரம் படக்கூடாது

"இன்னாடா வேம்புலி, வண்டி கட்டறியாமே?" தெருவையே தான் பெற்றெடுத்த தோரணையில் அதட்டினார் பெரியதனக்காரர் கோதண்டம்.

வெள்ளைக்காரத் துரையிடம் மெக்கானிக்காக இருக்கும் வேம்புலி, மரச்சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கன்னியம்மாள் அதன்மேல் வார்னிஷ் பூசினாள்.

"ஆமா ஆண்டே."

"எங்க தெருவுல நீ செருப்பே போடக்கூடாது. இதுல வண்டி வேறயா? சக்கரம் பட்டுது, கொளுத்திடுவேன்!"

"படாது ஆண்டே. கையெழுத்தே போட்டுத் தரேன்."

கோதண்டம் மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினார்.

மறுவாரம், வற்றிக் கிடந்த செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கமிருந்து உறுமல் கேட்டது. வாசலுக்கு ஓடிவந்த கோதண்டம் அண்ணாந்து பார்த்தார். வார்னிஷ் மின்னும் இரண்டு இறக்கைகள், நடுவில் வேம்புலி. அவர் தலைக்கு நேர் மேலே அவன் கால்கள், புதுச் செருப்போடு.

தெருமுனையில் நின்ற கன்னியம்மாள் உரக்கக் கேட்டாள்:

"இன்னா கோதண்டம், தெருவுல சக்கரம் பட்டுதா?"